இளைத்த பின்னர்

தேகத்தின் கனத்தைக் குறைத்துக்கொள்ளும் உபாயங்களைக் கூறும் நூல்கள் உலகத்து மொழிகளிலெல்லாம் மலிந்து கிடக்கின்றன. குறைத்த கனம் ஐந்தாண்டு, பத்தாண்டு ஆகியும் மீண்டு வாராமல் காத்துக்கொள்வது எப்படி என்று கூறும் நூல்களோ விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே உள்ளன. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. முதற்காரியம் சில மாதங்களில் முடிந்து, பழைய சட்டை தொளதொளத்துப் போனதைக் கண்ணாடியிற் கண்டு மகிழ இடந்தருவது. இரண்டாவதற்கோ முடிவு நாள் என்று ஒன்று கிடையாது, அதைச் செய்து முடித்தவரை அழைத்துப் பாராட்டுவாரும் இல்லை. கலோரி குறைந்த ஆகாரத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துள்ள ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஆளை இளைக்கவைப்பதில் வைத்திய சாஸ்திரம் ஏறத்தாழத் தேறிவிட்டது என்றும், இளைத்த நிலையைக் காப்பதில் அது இன்னும் அரிச்சுவடியைத் தாண்டவில்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உணவுக்கும் உடம்பின் நிறைக்கும் கணக்குப் பார்க்கும் ஆசை பழையது. இத்தாலியில் பாதுவா நகரத்து வைத்தியரான சாந்தோரியோ, தராசிலே தொங்கவிட்ட நாற்காலியொன்றில் அமர்ந்து, தாம் உண்டதன் எடையையும் கழித்ததன் எடையையும் முப்பது ஆண்டுக்காலம் குறித்துவந்து, அதன் பயனை 1614-இல் நூலாக வெளியிட்டார். உட்சென்றதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே ஆவியாகிப் போகிறது என்பது அவர் கண்ட முடிவு. லண்டனில் பிரேத அடக்கத் தொழிலிற் பெயர்பெற்றிருந்த வில்லியம் பாண்டிங் என்பவர், பூட்ஸின் கயிற்றைக் குனிந்து கட்ட இயலாமலும், மாடிப்படியைப் பின்னோக்கியே இறங்க வேண்டியவராயும் இருந்து, அறுபத்தாறாம் வயதில் ஒரு டாக்டரின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நீக்கி, ஓராண்டுக் காலத்தில் 46 பவுண்டு இளைத்து, அந்த வரலாற்றை 1863-இல் சிறு பிரசுரமாக அச்சிட்டார். அவருக்குக் கலோரி என்பது தெரியாது. அமெரிக்காவில் மிடில்டவுன் நகரத்தில் வில்பர் அட்வாட்டர் என்னும் விஞ்ஞானி, மனிதரை நாட்கணக்கில் அடைத்த அறைக்குள் இருத்தி, அவர் உடம்பிலிருந்து வெளிப்படும் உஷ்ணத்தை அளந்தது 1890-களில்தான். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும் கொழுப்பு 9 கலோரியும் தரும் என்று இன்றும் பொட்டலங்களின் முதுகில் அச்சாகும் கணக்கு அவருடைய வேலையிலிருந்து வந்ததே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் டாக்டர், தாமே பருமனால் அவதியுற்றவர், 1918-இல் எழுதிய நூல் அக்கணக்கை ஆய்வுக்கூடத்திலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 1,200 கலோரி என்ற அளவு அக்காலத்தில் கிளம்பி, இன்றுவரை பத்தியக் குறிப்புகளில் விடாது தொடர்ந்து வருகிறது.

இந்தக் கணக்கின் மீது வைத்த நம்பிக்கை உச்சத்தை அடைந்தது 1958-இல். உடம்பின் கொழுப்பில் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி அடங்கியிருப்பதாக மாக்ஸ் விஷ்னாப்ஸ்கி என்னும் அமெரிக்க டாக்டர் கணித்தார்; ஆகவே தினந்தோறும் 500 கலோரி குறைத்து உண்பவர் வாரத்துக்கு ஒரு பவுண்டு தவறாமல் இளைப்பார் என்று டாக்டர்களும் பத்திரிகைகளும் அரை நூற்றாண்டுக்காலம் சொல்லிவந்தனர். அப்படியானால் ஓராண்டில் 23 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். நூறு கிலோ எடையுள்ள மனிதர் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் அடியோடு மறைந்தே போக வேண்டும்! உடம்பு சுருங்கச் சுருங்க அதன் செலவும் சுருங்குகிறது என்னும் எளிய உண்மையை இக்கணக்கு மறந்துவிட்டது. அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கெவின் ஹால் 2011-இல் திருத்தி எழுதிய கணக்கின்படி, நாளொன்றுக்கு 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் முடிவில் 1 கிலோ குறையும். அதிற் பாதி குறைய ஓராண்டும், ஏறத்தாழ முழுவதும் குறைய மூன்றாண்டும் பிடிக்கும். அதாவது 500 கலோரி குறைப்பவர் முதலாண்டில் 10 கிலோ அளவே இளைத்து, 20 கிலோ அளவில் நின்றுவிடுவார். அந்த நிலையைக் காக்கவும் அதே 500 கலோரிக் குறைவைக் கைவிடாமல் ஆயுள் முழுவதும் அனுசரிக்க வேண்டும். இந்தப் பிற்பகுதியைப் பத்தியக் குறிப்பு எழுதுவோர் நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்வது அரிது.

விஷ்னாப்ஸ்கியின் கணிதம் வெளிவந்த மறு வருஷமே, 1959-இல், நியூயார்க்கு மருத்துவமனையொன்றின் நிலைமையை ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவருடைய சகாவும் ஆராய்ந்து வெளியிட்டனர். பருமன் குறைக்க வந்த நூறு பேரில் 20 பவுண்டு இளைத்தவர் 12 பேர். இரண்டாண்டு கழித்தும் அதைக் காத்திருந்தவர் இருவர். இளைப்பு நிலைக்காது என்பதற்குப் பிரமாணமாக இதை இன்றும் எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆனால் அந்த நூறு பேருக்கும் ஓர் உணவுப் பட்டியலைக் கையிற் கொடுத்து அனுப்பியதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்யப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பசி உடம்பையும் மனத்தையும் என்ன செய்கிறது என்பதை மிக அருகிலிருந்து பார்த்த பரிசோதனை ஒன்று உண்டு. அதன் நோக்கம் பருமனைக் குறைப்பதன்று. இரண்டாம் உலகப் போரில் பட்டினியால் வாடிய ஐரோப்பிய ஜனங்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று அறிவதற்காக, போர்த்தொழிலை மனச்சாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர்களை, மினசோட்டா சர்வகலாசாலையின் விளையாட்டு மைதானத்தின் அடித்தளத்திலே தங்கவைத்து, 1944-ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஆன்சல் கீஸ் என்பவர் ஆராய்ந்தார். மூவாயிரம் கலோரிக்கு மேல் உண்டுவந்தவர்களுக்கு இருபத்து நான்கு வாரம் சராசரி 1,570 கலோரி அளவே, அதுவும் கோசு, டர்னிப் கிழங்கு, உருளைக்கிழங்கு, கருமையான ரொட்டி என்ற வகையில், இரண்டு வேளையாகக் கொடுக்கப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். அவர்களுடைய எடையில் ஏறத்தாழக் காற்பங்கு கரைந்தது. ஓய்வு நிலையில் உடம்பு செலவிடும் சக்தி சுமார் நூற்றுக்கு நாற்பது வீதம் தாழ்ந்தது. கோடைக்காலத்திலும் குளிர் நடுக்கிற்று. தட்டை நாவால் நக்கித் துடைத்தார்கள். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் பிசைந்து, நீரூற்றிப் பெருக்கி, மெல்ல மெல்ல உண்டார்கள். அரசியலும் தத்துவமும் பேசிக்கொண்டிருந்தவர்கள் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் உண்ண அனுமதி கிடைத்தபோது, வயிறு நிரம்பிய பின்னரும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு திரும்பியதோடு நில்லாமல் முன்னிருந்த அளவுக்கு மேலும் சென்று, பின்னரே மெதுவாகத் தணிந்தது. அவ்விளைஞர்கள் ஒல்லியானவர்கள், கொழுப்பு நிறையச் சேர்ந்துள்ளவருக்கு அத்தனை கொடுமை நேராது. ஆயினும் நம்மூரில் பத்தியக்காரருக்கு எழுதிக்கொடுக்கும் 1,200 கலோரி, அந்தப் பட்டினிச் சோதனையின் அளவுக்கும் குறைந்தது என்பது ஒரு நிமிஷம் யோசிக்கத்தக்கது.

இதன் உள்ளிருக்கும் யந்திரம் பின்னரே விளங்கிற்று. கொழுப்புத் திசுவானது வெறுமனே சரக்கைச் சேர்த்து வைக்கும் கிடங்கன்று என்பதும், தன் இருப்பு எவ்வளவு என்று லெப்டின் என்னும் சுரப்பின் மூலம் மூளைக்கு ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருக்கிறது என்பதும் 1994-இல் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்ட உண்மை. கொழுப்புக் குறைந்தால் அச்செய்தி தாழ்கிறது. மூளை அதைப் பஞ்சம் என்றே கொள்கிறது. அதற்கு மறு வருஷம் லீபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் என்னும் மூவர், பத்து வீதம் எடை குறைந்தவருடைய உடம்பு, அந்த அளவுள்ள உடம்புக்கு உரியதைக் காட்டிலும் குறைவாகவே செலவிடுகிறது என்றும், பத்து வீதம் எடை ஏறியவருடைய உடம்பு கூடுதலாகச் செலவிடுகிறது என்றும் காட்டினர். மெல்போர்னில் ஐம்பது பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் சராசரி 13 கிலோவுக்கு மேல் இளைத்தனர். ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும் லெப்டின் தாழ்ந்துமே இருந்ததாக 2011-இல் வெளியாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இளைப்புப் பந்தயத்திற் கலந்துகொண்ட பதினால்வரை ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலானோர் இழந்த எடையில் மிகுதியைத் திரும்பப் பெற்றிருந்தும், உடம்பின் செலவு மட்டும் எதிர்பார்த்ததற்கு நாளொன்றுக்கு 500 கலோரி அளவு குறைவாகவே இருந்தது.

செலவுச் சுருக்கத்தை மட்டும் பலர் பெரிதாகப் பேசுகின்றனர். எனக்கோ பசிப் பெருக்கமே இதிற் பெரிய காரணமாகத் தோன்றுகிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்தொன்றை உண்டவர்கள், தங்களுக்குத் தெரியாமலே கலோரியை இழந்துகொண்டிருந்த நிலையில், நாளடைவில் எவ்வளவு கூடுதலாக உண்டார்கள் என்று கணக்கிட்டு, ஹால் முதலியோர் 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டனர்: ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, உண்ணும் நாட்டமோ 100 கலோரி அளவு கூடுகிறது. பத்து கிலோ இளைத்தவரை ஆயிரம் கலோரி அளவுக்குப் பசி முன்னைக் காட்டிலும் அதிகமாகத் தூண்டுகிறது என்று இதற்குப் பொருள். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் முன்னுண்டது அற்றபின் பசித்து, அளவறிந்து உண்ணச் சொல்கிறது. ஆரோக்கியமான தேகத்துக்கு அதைக் காட்டிலும் சிறந்த விதி வேறில்லை. ஆனால் இளைத்தவரின் பசி நடுநிலையான சாட்சியன்று. அவர் பசியின் பேச்சைக் கேட்டு உண்டால் பழைய எடைக்கே போய்ச் சேருவார். பசியை நம்பாமல் தட்டின் அளவையும் தராசின் முள்ளையுமே நம்ப வேண்டிய துர்ப்பாக்கியம் அவருக்கு நேர்ந்துவிடுகிறது. எடை ஏறியவரைச் சபலக்காரர் என்று ஏசும் உற்றார் உறவினர் இதை அறிவது நலம்.

எந்த உணவு முறை சிறந்தது என்னும் வாக்குவாதத்துக்கு இங்கே அதிக இடம் தர வேண்டியதில்லை. 2009-இல் 811 பேரை வைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் மாவையும் நான்கு விதமாகக் கலந்து பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியிலும், 2018-இல் 609 பேரைக் கொழுப்புக் குறைந்த உணவு, மாவுக் குறைந்த உணவு என்று இரு கட்சியாக்கிப் பார்த்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சியிலும், முறைகளுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரே முறைக்குள் மனிதருக்கு மனிதர் இருந்த வேறுபாடே பெரிது.

மெள்ளக் குறைத்தால்தான் நிலைக்கும் என்பது மற்றொரு பரவலான அபிப்பிராயம். மெல்போர்னிலேயே 200 பேரிற் பாதிப்பேரைப் பன்னிரண்டு வாரத்தில் விரைவாகவும், மற்றப் பாதியை முப்பத்தாறு வாரத்தில் நிதானமாகவும் இளைக்கச் செய்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். விரைந்தவரில் நூற்றுக்கு 81 பேரும் நிதானித்தவரில் 50 பேரும் இலக்கை எட்டினர். மூன்றாண்டு சென்றபின் இரு சாராருமே இழந்ததில் 71 வீத அளவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆக வேகம் நிலைப்பைக் கெடுக்கவில்லை. நிதானம் அதைக் காக்கவும் இல்லை.

இந்த விரைவு முறைக்குக் கௌரவம் தேடித் தந்தது பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்னும் ஆராய்ச்சி. நியூகாசிலைச் சேர்ந்த ராய் டெய்லரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக் லீனும், நீரிழிவு கண்டு ஆறாண்டுக்கு மேற்படாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் 825 முதல் 853 கலோரி அளவுள்ள கரைசல் உணவையே கொடுத்து, பின்னர்ச் சாதாரண ஆகாரத்தைப் படிப்படியாக மீட்டனர். 2017-இல் வெளியான முதலாண்டு முடிவில் 46 வீதத்தினர் மருந்தின்றிச் சர்க்கரை சீரான நிலையில் இருந்தனர். 15 கிலோவுக்கு மேல் இளைத்தவரில் இது 86 வீதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆயிற்று. ஐந்தாண்டு வரை தொடர்ந்தவர்களிடம் எடைக் குறைவு சராசரி 6 கிலோ அளவுக்கும், சர்க்கரை சீராயிருந்தவர் தொகை நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் இறங்கின. இதைத் தோல்வி என்போரும் உளர். ஐந்தாண்டுக்குப் பின்னும் ஆறு கிலோ மீளாதிருப்பது முன்னோர் ஆராய்ச்சிகளை நோக்கச் சாமானியமான காரியமன்று என்பது என் கருத்து.

ஆயினும் 800 கலோரி என்பது வீட்டில் தாமாகத் தொடங்கத்தக்க பத்தியம் அன்று. அமெரிக்காவில் 1970-களின் பிற்பகுதியில் திரவப் புரதம் என்று விற்ற சரக்கை மட்டும் குடித்து இளைத்தவர்கள் பலர் இருதய ஓட்டம் குலைந்து மாண்டனர். விரைந்து இளைப்போருக்குப் பித்தப்பையிற் கல் உண்டாகிறது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ உட்கொள்வோர் அளவைக் குறைக்காமல் பத்தியமிருந்தால் மயங்கி விழுவர். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது ஆகவே ஆகாது. ஸ்காட்லாந்தில் 207 கிலோ எடையுள்ள இளைஞரொருவர் 1965-66-இல் மருத்துவமனைக் கண்காணிப்பில் 382 நாள் உபவாசமிருந்து 82 கிலோவாகி, ஐந்தாண்டுக்குப் பின்னும் 89 கிலோவிலேயே நின்றார் என்பது மருத்துவப் பத்திரிகையில் ஏறிய செய்தி. படித்து வியக்கலாம், பின்பற்றலாகாது.

இனி நம் இலைக்கு வருவோம். புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனில் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் பக்கம் பக்கமாகப் போட்டு ஒரு குறிப்பு வெளியிட்டனர்: உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3, உடம்பின் கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 வீதம், இந்தியருக்கு 21.2 வீதம். பார்வைக்கு மெலிந்தும் வயிற்றுக்குள் கொழுப்புச் செறிந்தும் இருக்கும் இந்த உடல்வாகு காரணமாகவே, நம்மவருக்கு 25 அன்று, 23-ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தேவை என்று வைத்தியர்கள் கொண்டுள்ளனர். பெருந்தொகை இளைக்க வேண்டியவர் நம்மில் சிலரே. இடுப்பில் நாலைந்து கிலோ இறக்க வேண்டியவர் பலர்.

அந்த 1,200 கலோரியை நம் அடுக்களையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். இட்லிக்கும் சோற்றுக்குமாக நாள் முழுவதற்கும் 150 கிராம் அரிசி என்றால் 525 கலோரி. குழம்பு, கூட்டு, பொரியல், தோசைக்கல் எல்லாவற்றுக்குமாக ஒருவர் பங்கில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 360. தாளிக்கையில் எண்ணெய்க் குடுவையைச் சாய்க்கும் கை கரண்டியால் அளப்பதில்லை ஆதலால் இது பெரும்பாலும் குறைமதிப்பே. சர்க்கரையும் பாலும் தாராளமாக விட்ட காப்பி ஒரு டம்ளர் சுமார் 100 கலோரியாக, மூன்று வேளைக்கு 300. கூட்டினால் 1,185. பருப்பும் காய்கறியும் மோரும் முட்டையும் மீனும் இன்னும் இலைக்கு வரவேயில்லை! நம் நாட்டார் உட்கொள்ளும் சக்தியில் 62 வீதம் மாவுப்பண்டத்திலிருந்து வருகிறது என்று சென்னை ஆராய்ச்சியாளர் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2025-இல் கூறியதன் உட்பொருள் இதுவே. சோற்றை மட்டும் அரைவயிறாக்கிப் புரதத்தைக் கூட்டாமல் விட்டால், கரைவதிற் கணிசமான பங்கு தசையாகப் போய்விடும். முப்பது கிராம் துவரம்பருப்பில் உள்ள புரதம் ஏழு கிராமுக்கு மேற்படாது. எல்லோரும் உண்டபின் உண்டு, பாத்திரத்தின் மிச்சத்தை வீணாக்க மனமின்றித் தாமே தீர்க்கும் இல்லத்தரசிக்குக் கலோரிப் பட்டியலைக் கொடுப்பதோ, அவர் நிலையைச் சிறிதும் அறியாதவர் செய்யும் உபசாரம்.

எடை முள் நகரவில்லையே என்று மனம் தளர்வோர் அறிய வேண்டிய நம்மூர்ச் செய்தி ஒன்றுண்டு. சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டு கண்காணித்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடையும் உணவுத் திருத்தமும் நோய் வரும் அபாயத்தை 28.5 வீதம் குறைத்தன. எடையிலோ குறிப்பிடத்தக்க இறக்கமே இல்லை.

எடையைக் காத்துக்கொண்டவர்கள் எப்படித்தான் காத்தார்கள்? அமெரிக்காவில் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கி, 30 பவுண்டுக்கு மேல் இளைத்து ஓராண்டாவது காத்தவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தனர். அதிற் சேர்ந்தவர் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களிற் பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு மணி நேர அளவு உடற்பயிற்சி செய்பவர்கள். முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையேனும் எடை பார்ப்பவர்கள். விடுமுறை என்றும் விருந்து என்றும் உணவு முறையை அதிகம் மாற்றாதவர்கள். வென்றவரை மட்டும் கேட்டெழுதிய பதிவேடு ஆதலால், இதே காரியங்களைச் செய்தும் தோற்றவர் எத்தனை பேர் என்பதற்கு அதில் விடை கிடையாது. உடற்பயிற்சியால் மட்டும் இளைப்பது அரிது, இளைத்தபின் காப்பதற்கோ அது பெருந்துணை என்பது வேறு ஆராய்ச்சிகளாலும் உறுதிப்படுகிறது: கோப்பன்ஹேகனில் எட்டு வாரம் 800 கலோரி உணவில் 13 கிலோ இளைத்தவர்களில், பின்பு பயிற்சியோ மருந்தோ இன்றி விடப்பட்டவர்கள் ஓராண்டில் ஏறத்தாழப் பாதியை மீட்டுக்கொண்டனர்; பயிற்சியையும் பசியைத் தணிக்கும் லிராகுளூடைடு ஊசியையும் சேர்த்துக்கொண்டவர்கள் மேலும் மூன்று கிலோவுக்கு மேல் இளைத்தனர்.

அவ்வகை ஊசிகளில் இன்று பெரும்பேச்சாக இருக்கும் செமகுளூடைடு, 68 வாரத்தில் சராசரி 15 வீத எடையைக் குறைத்ததாக 2021-இல் வெளியாயிற்று; நிறுத்தி ஓராண்டானதும் குறைந்ததில் மூன்றிலிரண்டு பங்கு திரும்பிற்று. சோற்றைக் குறைத்து இளைத்தவருக்கு நேர்வதே ஊசி போட்டு இளைத்தவருக்கும் நேர்கிறது. ஆகவே இரத்த அழுத்தத்தைப் போலவே பருமனும் ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டிய கோளாறு என்று கொள்வதைத் தவிர வேறு வழி தென்படவில்லை.

டைரக்ட் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதன் 46 வீதமன்று. எடை மீள்வதைக் குற்றமாகக் கருதாமல், மீளத்தான் மீளும் என்று எதிர்பார்த்து, 2 கிலோ கூடிய மாத்திரத்திலே ஒன்றிரண்டு வேளைக்குப் பழைய கரைசல் உணவை மறுபடி கொடுப்பது என்று முன்னமே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நம் மருத்துவமனைகளிலோ தட்டச்சு செய்த பட்டியலொன்றை நீட்டி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்வதோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. நான்காம் மாதத்துக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் பொறுப்பாளர் எவரும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெண் ஊழியர்கள் இருக்கின்றனர். அவர்கள் பையில் ஓர் இடுப்பளவு நாடாவையும், கையில் ஒரு சிறு எடைக்கருவியையும் கொடுத்து, இளைத்தவர்களின் பெயரை மட்டும் தனியாகக் குறித்து, 2 கிலோ ஏறியவரை அடுத்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைக்கச் செய்தால், அதற்காகும் செலவு ஊசியின் விலையில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது.